தாய்வீடு போகாத பிரசவம்

ஆம்பூருக்குப் பக்கத்தில், தோல் பதனிடும் டேனரிகளின் பின்சுவரை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்கு வந்திருக்க வேண்டிய குடிதண்ணீர்க் குழாய் பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் நான். ஏதோ அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திட்டத்தை ஒத்திவைத்த அதிகாரியின் மேஜைமேல் என் அறிக்கைதான் கிடந்தது. "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது நான்தான்.

என் வேலைக்கு உயிர்ப்புள்ளியியல் என்று பெயர். நோய், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, காற்றும் தண்ணீரும் மனிதர்களை என்ன செய்கின்றன என்று சொல்ல வேண்டும். வேலூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை பார்த்தே தலை நரைத்துவிட்டது. என் அம்மா சொந்தக்காரர்களிடம், "ஆஸ்பத்திரியில கணக்கு எழுதுறா" என்று சொல்லி முடித்துவிடுவாள். நானும் திருத்துவதில்லை. திருத்தினால் அரைமணி நேரம் விளக்க வேண்டும், அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

அந்த முதல் ஆய்வில் கேள்வி ரொம்பச் சுலபம். டேனரிப் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, கரிக்கும். சோறு வடித்தால் பழுப்பாக இருக்கும். நான் பிறந்த அணைக்கட்டுப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். இந்தப் பக்கத்துக் குழந்தைகள் அந்தப் பக்கத்துக் குழந்தைகளைவிட எடை கம்மியாகப் பிறக்கின்றனவா? அவ்வளவுதான் கேள்வி. எந்த ஊர் சுகாதார நிலையத்தில் பிரசவம் பதிவானதோ, அந்த ஊர்க் கணக்கில் குழந்தையைச் சேர்த்தோம். கடைசியில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த முடிவு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் தங்கையை அந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு டேனரியில் சூப்பர்வைசர் வேலை. நாங்கள் ஆசைப்பட்டுத் தேடிப் பிடித்த சம்பந்தம். மனசு கேட்ட பதிலே கைக்கு வந்துவிட்டால் அதை எவள் மறுபடி சோதிப்பாள்? வேறு மாதிரி வந்திருந்தால் தோண்டித் துருவியிருப்பேன். அப்படித் துருவுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

தெருவுக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் ஓர் அக்கா. ஷூ கம்பெனியில் மெஷினில் தைக்கும் வேலை. குழாய் கேட்டு மனு எழுதி, தெருப் பெண்களைத் திரட்டி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கும் அப்படித்தான் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். ஆராய்ச்சி என்றதும் கதவைச் சாத்திய வீடுகளுக்கெல்லாம் அவர்தான் போய், "மேடம் கணக்கெடுத்தாதான் நமக்கு கொழா வரும், வந்து சொல்லுங்கடி" என்று சத்தம் போட்டு இழுத்து வந்தார். அவருடைய முதல் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே மகன். "தண்ணியாலன்னு சத்தியம் பண்ண மாட்டேன் மேடம். ஆனா சந்தேகம் போவல" என்பார்.

அறிக்கை போன பிறகு குழாய்த் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வந்துகொண்டிருந்த லாரித் தண்ணீரும் குறைந்தது. அக்கா போன் செய்தார்.

"இன்னா மேடம் இது? நாங்களே கூட்டினு வந்து, நாங்களே உக்கார வச்சு, நாங்களே சோடா வாங்கிக் குடுத்து, எங்களுக்கே ஆப்பு வச்சீங்களே. தெருவுல ஒருத்தியும் என் மூஞ்சப் பாக்கறதில்ல."

"அக்கா, கணக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்ல முடியும்."

"சரி மேடம். கணக்கு நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன பொய்யா சொன்னேன், உள்ளதைச் சொன்னதற்கு இப்படியா என்று வீட்டில் பாத்திரத்தையெல்லாம் நங்கு நங்கென்று வைத்தேன். என் கணவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் தங்கைக்கு வளைகாப்பு. ஆம்பூரில் அவள் மாமியார் வீட்டில். கை நிறைய வளையல், கன்னம் நிறைய சந்தனம், தங்கை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சடங்கு முடிந்ததும் வழக்கப்படி அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினோம். காரில் முன்சீட்டில் அம்மா. பின்னால் தங்கையும் நானும், என் மடியில் மீந்த புளிச்சோற்றுத் தூக்கு. பள்ளிகொண்டா தாண்டி வண்டி அணைக்கட்டு ரோட்டில் திரும்பியதும் தங்கை ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா. குழந்தை பொறக்கற வரைக்கும் நம்ம கெணத்துத் தண்ணி. அங்க குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சுக்கா."

"பிரசவம் எங்க, நம்ம ஊர் சுகாதார நிலையத்துலதானே?" என்று அம்மா கேட்டாள்.

"பின்ன எங்க?"

தூக்கு என் மடியிலிருந்து நழுவி, புளிச்சோறு முழுக்க என் பட்டுப்புடவையில். அம்மா கத்தினாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் தங்கையின் குழந்தை அணைக்கட்டுக் கணக்கில் பதிவாகப் போகிறது. ஏழு மாதம் டேனரித் தண்ணீரில் வளர்ந்த குழந்தை, என் ஆய்வு முடியாமல் இருந்திருந்தால் நல்ல தண்ணீர்க் கிராமத்துக் குழந்தையாக அதில் வந்து உட்கார்ந்திருக்கும். இவள் ஒருத்தியா? ஆம்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வருவார்கள். இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் ஒரே அண்டாவில் போட்டுக் கலக்கிவிட்டு, வித்தியாசமே இல்லையே என்று சொல்லியிருக்கிறேன். சே! என் பெண்ணை நான் எங்கே பெற்றேன்? வேலூரிலிருந்து வளையலோடு வந்து, இதே அம்மா வீட்டில்தானே? வெளிநாட்டிலிருந்து வந்தவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் செய்ததற்கு என்ன பெயர்?

நிலையத்தின் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தை எந்த வயிற்றில் எங்கே வளர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை, புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்றார். இந்த முறை கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே பெண்களைப் பின்தொடர வேண்டும், யார் எந்த மாதம் வரை எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று தெரிய வேண்டும். அதிகாரியிடம் போய் முதல் அறிக்கை தப்பு என்றேன். "இன்னொண்ணு கொண்டாங்க மேடம், பாக்கலாம். வெறும் வாய்வார்த்தைக்கு ஃபைல திறக்க முடியாது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பேஜார்.

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே, உள்ளே கூப்பிடுவாரோ மாட்டாரோ என்று தெரியாமல், நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு வாசல் கதவை முழுக்கத் திறந்தார். பிறகு, "உள்ள வாங்க. வெயில்ல நின்னு மன்னிப்பு கேட்டா மட்டும் இன்னா ஆவப்போவுது" என்றார். அவர் மகன் அப்போதுதான் கட்டிவந்திருந்த புதுமருமகள் எனக்குக் கேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிக்கென்று தனியாக வாங்கி வைக்கும் கேன். அந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் குடிக்கும் தண்ணீரை ஒரு வீட்டில்கூட எனக்குக் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

புது ஆய்வு தொடங்கியது. அக்கா மறுபடியும் வீடு வீடாகப் போனார். இந்த முறை அவருக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "போன வாட்டி ஆப்பு வச்சது போதாதா?" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஆளைச் சேர்த்தார். சேர்ந்த பெண்களைக் கூட்டி உட்காரவைத்து நான் ஒன்று சொன்னேன். ஒவ்வொரு ஆய்விலும் சொல்வதுதான். "எங்களுக்காக எதையும் மாத்தாதீங்க. எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. எப்பவும் குடிக்கறதையே குடிங்க." அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தாய்வீடு உள்ளவர்கள் ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கிளம்பட்டும், இந்த முறை அதையும் சேர்த்துத்தான் எழுதினோம். ஆனால் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்கள், கடைசி வரை அதே தண்ணீரோடு இருக்கப்போகிறவர்கள். அவர்கள் ரொம்பக் கம்மி. தெருவுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள், தாய் இல்லாதவர்கள். அக்காவின் மருமகளுக்கு இந்த இரண்டும் பொருந்தும். அதே தெருவில் பிறந்து, அம்மாவைச் சின்ன வயதில் பறிகொடுத்து, சித்தி வீட்டில் வளர்ந்த பெண். பி.காம். முடித்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவளும் கர்ப்பமாகி ஆய்வில் சேர்ந்திருந்தாள்.

அவளுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது அக்கா என்னை ஷூ கம்பெனி வாசலுக்கு வரச்சொன்னார். ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அக்கா என்னை ஓரமாக இழுத்துப்போனார். கேட்கக் கூச்சப்பட்டு அவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மேடம், உங்க அம்மா வூடு அணைக்கட்டுலதானே? எங்க பொண்ண பிரசவம் வரைக்கும் அங்க வச்சிக்கலாமா? ஒரு மூலையில கெடப்பா. அரிசி பருப்பு நான் குடுத்துடறேன். அவளுக்குப் போக ஒரு எடம் இல்ல."

இதற்கு என்ன பதில்? "தாராளமாக அனுப்புங்கள்" என்பதுதான் பதில். குழந்தைக்குக்கூடத் தெரியும். என் வாயில் அது வரவில்லை. என் தலைக்குள் முதலில் ஓடியது என்ன தெரியுமா? இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய பேர், அதிலும் ஒருத்தி போனால் என்ன ஆகும் என்பதுதான். இவளைப் பார்த்து மற்றவர்களும் எங்கேயாவது இடம் தேடிப் போய்விட்டால் ஆய்வு படுத்துவிடும். ஆய்வு படுத்தால் குழாய் வராது. குழாய் வராவிட்டால் என் முதல் தப்பு தப்பாகவே நின்றுவிடும். இதையெல்லாம் நான் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, என் முகத்தைப் படித்துவிட்டார் அக்கா.

"அவ இங்க இருந்தாதான் கணக்கு நிக்குமா மேடம்?"

"அப்படி இல்லக்கா... வந்து..."

"பரவால்ல, இருக்கட்டும்" என்றார். பஸ் ஹாரன் அடித்தது. "இருக்கட்டும் மேடம்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

வேலூர் வந்து சேர்வதற்குள் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன். "இதுல என்னைக் கேக்க இன்னாடி இருக்குது? தாயில்லாப் பொண்ணு, கூட்டினு வா" என்றாள். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அசையவில்லை.

"வேணாம் மேடம். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் மருமவளே இங்கதான் இருக்கப்போறா, நீங்களும் பாதியில ஓடாம இருங்கடின்னு. இப்ப அவள அனுப்பிச்சா எந்த மூஞ்சோட நடப்பேன்?"

கெஞ்சினேன், கோபப்பட்டேன். அவருடைய மருமகள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அக்காவோடுதான் வாதாடினேன். உனக்கு வர விருப்பமா அம்மா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பும் வழியில் தண்ணீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, குழந்தை பிறக்கும் வரை அந்த வீட்டுக்கு விடாமல் கேன் போடச் சொல்லிவிட்டு வந்தேன். ஏதோ ஒரு பரிகாரம். அப்படிச் செய்தால் ஆய்வில் அவளைத் தனியாகக் குறிக்க வேண்டும், குறித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் தூங்கினேன்.

குழந்தை நாள் நிறையும் முன்பே பிறந்தது. பெண் குழந்தை. ரொம்பச் சின்னது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு பார்க்கப் போனேன். உள்ளே போனதும் கட்டிலுக்கு அடியில் என் கண் போனது. நான் அனுப்பிய கேன்கள். வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில்கூட மூடியின் சீல் உடைக்கவில்லை.

"ஏன்க்கா? இதெல்லாம் ஏன் குடிக்கல?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, எதையும் மாத்தக்கூடாது, எப்பவும் குடிக்கறதையே குடிக்கணும்னு? கேன் குடிச்சா உங்க கணக்கு கெட்டுடும்ல. போன தபா மாதிரி ஆயிடக்கூடாதுன்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் துணியில் சுற்றி என் கையில் கொடுத்த குழந்தை எலிக்குஞ்சு மாதிரி இருந்தது, அதன் விரல்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நெசமா சொல்லுங்க மேடம். தண்ணியாலதானா?"

பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்பதும் பொய், இல்லை என்பதும் பொய். "தெரியாதுக்கா. நல்ல தண்ணி குடிக்கறவங்களுக்கும் சின்னதா பொறக்குது. ஒரே ஒரு குழந்தைய வச்சு எதையும் சொல்ல முடியாது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். ஆண்டுக்கணக்காக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம், அச்சுப் பிசகாமல் வந்தது. அக்கா தலையாட்டினார். மருமகள் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆய்வு முடிந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது. இந்த முறை மனசு என்ன கேட்டது என்று பார்க்காமல் துருவித் துருவிச் சோதித்தேன், அப்போதும் நின்றது. இரண்டாவது அறிக்கையைப் பார்த்துவிட்டு அதிகாரி, "இதயும் அப்புறம் தப்புன்னு சொல்ல மாட்டீங்களே மேடம்?" என்று சிரித்தார். நானும் வெட்கம் கெட்டுச் சிரித்தேன். ஃபைல் திறந்தது. அலைந்து திரிந்து, ஒருவழியாகத் தெருவில் பள்ளம் தோண்டினார்கள்.

குழாய் திறந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். தெருவே கூடியிருந்தது. யாரோ மேளத்துக்குக்கூடச் சொல்லியிருந்தார்கள். அக்கா புதுப்புடவையில், எல்லாரையும் விரட்டிக்கொண்டு, "தள்ளுங்கடி, மேடம் மொதல்ல" என்று ஒரு சொம்பு பிடித்து என் கையில் கொடுத்தார். குடித்தேன். நல்ல தண்ணீர். என் முகத்தைப் பார்க்காமலிருந்த பெண்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகை வந்தது. அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. அந்த வயசுக் குழந்தைகள் தெருவில் தத்தக்காபித்தக்கா என்று ஓடிக்கொண்டிருந்தன. இது இன்னும் நிற்கப் பழகவில்லை. மூச்சு இழுப்பு வேறு அடிக்கடி வருகிறதாம். என் வளையலைப் பிடித்து இழுத்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். அவள் என்னிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கேளும்மா."

"ஒரு குழந்தைய வச்சு எதயும் சொல்ல முடியாதுன்னு அன்னிக்கு சொன்னீங்க இல்ல? அப்ப என்னை ஒருத்திய மட்டும் உங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிருந்தா, உங்க கணக்குல இன்னா மேடம் கொறஞ்சிருக்கும்?"

அவள் குரலில் கோபம் இல்லை. இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்து, விடை தெரிந்தால் போதும் என்பது போலத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். குழாயடியிலிருந்து அக்கா, "ஏ பொண்ணே, கொடத்த எட்துனு வா, தண்ணி வேகமா வருது" என்று கூப்பிட்டார். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். கையில் கனமே இல்லை.